படிக்கல்லின் அடிப்பக்கம்

அத்தியாயம் 11

"வாய்க்கால்ல இறங்காதேன்னு தொண்டை வத்தக் கத்துறேன், நீ பாட்டுக்கு..."

"டாக்டரம்மா சொன்னதை நான் செய்யுறேன். நீங்க சொல்றதைக் கேட்டுத்தான்..."

"டாக்டரம்மா தஞ்சாவூர்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து சொல்லுவாங்க. வழுக்கி விழுந்தா தூக்குறது யாரு?"

"வரப்புல விழுந்தப்போ நீங்கதான் தூக்குனீங்களா? ஐயோ செவ்வந்தி, ஐயோ செவ்வந்தின்னு மேட்டுல நின்னு கூவுனீங்க. தூக்குனது அறுப்பு மெஷின் டிரைவர்."

செவ்வந்தியின் புருஷன் அரசப்பன் அத்தோடு விடவில்லை.

"சரி, அந்தப் படிக்கல்லைப் பிடிக்காதே. பிளாஸ்டிக் டிரம் ஒண்ணு கயித்துல கட்டித் தர்றேன். அதைப் பிடிச்சுக்கிட்டு உதை."

"மூணு வாரமா அந்தக் கல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தானே உதைக்கிறேன். இன்னிக்கு மட்டும் அது கடிக்குமா?"

"மெதுவாப் பேசுங்க ரெண்டு பேரும்." அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் மகள் எழில்மொழி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள், இன்றைக்கென்று லீவு போட்டிருந்தாள். "பதினோரு மணிக்கு வரப்பை அளக்க சர்வேயர் வர்றார். அதுக்குள்ள ஊருக்கே கேக்கணுமா நம்ம வீட்டுச் சண்டை?"

"கேக்கட்டும்" என்றாள் செவ்வந்தி. கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

போன தை அறுவடையில் ஆரம்பித்த கதை இது. அறுப்பு மெஷின்காரர்களுக்கு டீத் தூக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனவள், தன் வயலுக்கும் கொழுந்தன் பரிதியின் வயலுக்கும் நடுவிலுள்ள வரப்பில் கால் வழுக்கி விழுந்தாள். டீயும் போயிற்று, வலது முட்டியும் போயிற்று. உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டினார்கள்.

இரண்டு பேர் பேசிக்கொண்டு சோடியாக நடந்த வரப்பு அது. இன்றைக்கு ஒரு கொக்கு நிற்கலாம், இரண்டாவது கொக்கு வந்தால் முதல் கொக்கு பறக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் நடவுக்கு முன்னால் வரப்பின் அண்டையை, அதாவது பக்கவாட்டு மண்ணை, வெட்டி ஒழுங்குபடுத்துவது எல்லாரும் செய்கிற வேலைதான். பரிதி வெட்டினால் மட்டும் மண்வெட்டி ஒரு விரற்கடை அதிகமாக இறங்கும். ஒரு விரற்கடை யார் கண்ணில் படும்? ஆறு வருஷம் சேர்ந்தால் ஒரு மனுஷியின் முட்டியில் படும்.

"வரப்பு என்னிக்கும் இப்படித்தான்" என்று பரிதி சாதித்தான். அவன் மனைவி செம்மொழி அதற்கு மேலே ஒரு படி போனாள். ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து, உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா எடைக்கு வரப்பு தாங்கல, பாவம்."

பாவம் வரப்பா, அக்காவா என்று அவள் சொல்லவில்லை. சாத்துக்குடியைத் தின்று முடிக்கும்வரை செவ்வந்தியும் கேட்கவில்லை. தின்று முடித்த பிறகும் அந்தச் சொல் நாக்கிலேயே தங்கிவிட்டது.

எடை எண்பத்தாறு. சர்க்கரையும் இருந்தது, ரத்தக்கொதிப்பும் இருந்தது. "முட்டிக்கு வேலை கொடுக்கக் கூடாது, நெஞ்சுக்கு வேலை கொடுக்கணும்" என்றாள் பயிற்சி சொல்லித் தரும் ஜெனிட்டா. எழில்மொழியோடு கல்லூரி விடுதியில் இருந்தவள், இப்போது தஞ்சாவூரில் பிசியோ டாக்டர். "தினம் அரை மணி நேரம் மூச்சு வாங்கணும்மா. ஆனா முட்டி மேல எடை விழக் கூடாது. மூணு மாசம் ஒழுங்காச் செஞ்சா கத்தி வைக்காமலே சமாளிக்கலாம்."

சொல்வது சுலபம். நடந்து பார்த்தாள், பத்தாவது நிமிஷம் முட்டி பணியாரமாக உப்பியது. நாற்காலியில் உட்கார்ந்து கையை வீசிப் பார்த்தாள், மூன்றாம் நாள் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒடிந்தது. எழில்மொழியோடு வேலை பார்க்கும் பாத்திமா டீச்சர் வீட்டில் துணி காயப்போட்டு வைத்திருந்த உடற்பயிற்சி சைக்கிளை வாங்கி வந்து மிதித்தாள். சீட்டை உயர்த்த வேண்டும் என்று யாருக்கும் தெரியாததால் முட்டி மடங்கி மடங்கி இரண்டு நாள் படுத்துவிட்டாள்.

அப்புறம்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. "இடுப்பளவு தண்ணியில நின்னா உங்க எடையில பாதியைத் தண்ணி வாங்கிக்கும்மா" என்றாள் ஜெனிட்டா. தன் எடையைப் பற்றி ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் பேசி செவ்வந்தி கேட்டதில்லை. அன்றைக்கே இறங்கிவிட்டாள்.

*

ஊர் வாய்க்கால் வயலை ஒட்டியே போகிறது. பரிதியின் வயல் முனையில், ஆறு வருஷத்துக்கு முன் வந்த புயலுக்கு அடுத்து, அவன் ஒரு படி கட்டியிருந்தான். இரண்டு பெரிய செங்கல் அடுக்கு, அதன்மேல் மூன்றடி நீளத்துக்கு ஒரு கருங்கல், பாதி கரையில், பாதி தண்ணீருக்கு மேல். வயலிலிருந்து ஏறுகிறவர்கள் எல்லாரும் அதில்தான் காலைத் தேய்த்துக் கழுவுவார்கள்.

செவ்வந்தி பழைய சுடிதாரின் மேல் புருஷனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். எழில்மொழி கரையில் உட்கார்ந்து போனில் நேரம் பார்த்தாள்.

"முதல்ல அஞ்சு நிமிஷம் நடைம்மா."

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி. தண்ணீர் மல்லுக்கு நின்றது. முட்டி மட்டும் பூப்போல இருந்தது.

"இப்ப உதை. இருபது."

இந்த இருபதுக்காகத்தான் அவள் விடிந்ததும் எழுந்திருக்கிறாள். கல்லின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் நீட்டி உதைக்க வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். முதல் உதை மண்வெட்டிக்கு. இரண்டாவது சாத்துக்குடிக்கு. மூன்றாவது, "எருமை நடக்குற வரப்புல அண்ணி விழுந்துட்டாங்க" என்று பரிதி டீக்கடையில் சொன்னதற்கு. நாலாவது, அதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு மொத்தமாக. இருபதாவது உதையை எப்போதும் பரிதியின் பெயருக்கு மிச்சம் வைப்பாள், அது கரை வரைக்கும் தண்ணீரை வாரி அடிக்கும்.

மூன்று வாரத்தில் ஐந்து கிலோ இறங்கியிருந்தது. இந்தக் குடும்பத்தில் யாருக்கும் பகையால் உடம்பு இவ்வளவு தேறியதில்லை.

"நேத்து ஜெனிட்டா புதுசா ஒண்ணு சொன்னாளேம்மா. தண்ணிக்குள்ள சைக்கிள். கல்லோட அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு, உடம்பை மிதக்க விட்டு, காலால இருபது மிதி மிதிக்கணும்."

செவ்வந்தி கழுத்தளவு தண்ணீரில் அமிழ்ந்து, கல்லின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். உடம்பு மேலே எழும்பியது. காலை மிதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

நாலாவது மிதியில் விரல் நின்றது.

அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒரு இடத்தில் வழவழப்பாக ஒரு பள்ளம். விரல் அதன் வழியே போனது. நேராக ஒரு கோடு. அதன் உச்சியில் வலப்பக்கம் ஒரு சாய்வு, இடப்பக்கம் ஒரு சாய்வு. உளியால் வெட்டிய அம்பு, சர்வேக் கல்லில் போடுகிற குறி.

"ஏம்மா நிறுத்திட்ட? மூச்சு வாங்குதா?"

"இரு."

இன்னொரு முறை தடவினாள். அம்புக்குப் பக்கத்தில் கட்டியாக எதுவோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி வெளியே எடுத்துப் பார்த்தாள். வெள்ளை. சுண்ணாம்பு.

அவள் மாமனார் வைரக்கண்ணு பூசிய சுண்ணாம்பு அது.

பிறத்தியார் வயலில் நாற்பது வருஷம் நாற்றுப் பிடித்த கை அவருடையது. சொந்தமாக வயல் வந்தபோது அவருக்கு அறுபது வயது. அதை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாகப் பிரித்து, சர்வேயரை வைத்து அளந்து, நடுவரப்பின் முனையில் தன் கண்ணெதிரே கல்லை நட வைத்தார். "இது வாயில்லாத பஞ்சாயத்துடா. நான் போனப்புறம் உங்களுக்குச் சண்டை வந்தா இதுகிட்டக் கேளுங்க" என்றார். ஊரில் மற்றவர்கள் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டினால், அவர் அந்தக் கல்லைக் குளிப்பாட்டுவார். சுண்ணாம்பு அடித்து, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார். நிலமில்லாமல் பிறந்தவருக்கு அதுதான் சாமி.

அவர் இறந்த மறு வருஷம் புயல் வந்தது. புயலோடு கல் காணாமல் போனது. "வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு" என்றான் பரிதி. "ஆமா, வெள்ளம்தான்" என்றார் அரசப்பன். வெள்ளம் பாவம், அதற்கு வாயில்லை.

"என்னக்கா, இன்னும் குளிச்சு முடியலையா?"

செம்மொழி கரைக்கு வந்துவிட்டாள். காலெல்லாம் நாற்றங்கால் சேறு. படிக்கல்லின் மேல் ஏறி நின்று குதிகாலைப் பரபரவென்று தேய்த்தாள்.

"வாய்க்கால்ல தண்ணி ஏறியிருக்கேன்னு பார்த்தேன். மேட்டூர்ல கூடத் தொறந்துட்டாங்களோன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அக்கா இறங்கியிருக்காங்க."

எழில்மொழி வெடுக்கென்று எழுந்தாள். "சித்தி, வாயை..."

"உக்காருடி" என்றாள் செவ்வந்தி. அவள் விரல்கள் கல்லுக்கு அடியில் அந்த அம்பின் மேலேயே இருந்தன. அதற்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், செம்மொழியின் குதிகால். "அவ என்ன பொய்யா சொல்லிட்டா? நல்லாத் தேய்ச்சுக் கழுவு செம்மொழி. வெடிப்புல இன்னும் சேறு இருக்கு."

"நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு தெரியும்க்கா."

"எனக்கு எதுக்குக் கோவம்? தம்பி பதினோரு மணிக்கு வயலுக்கு வந்துருவாரா?"

"வராம? கல் இல்லைன்னா இருக்கிற வரப்பையே எல்லையா எழுதிடுவேன்னு சர்வேயரே சொல்லிட்டாராமே. கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"வரச் சொல்லு. கையெழுத்துப் போட்டுருவோம்."

செம்மொழி சந்தோஷமாகப் போனாள். எழில்மொழி தாயை வெறித்துப் பார்த்தாள். செவ்வந்தி மகளின் கையைப் பிடித்துக் கல்லுக்கு அடியில் வைத்தாள். பிள்ளையின் முகம் மாறியது.

"அம்மா, இது நம்ம தாத்தாவோட..."

"மூச்சு விடாதே."

"இப்பவே போய்ச் சித்தப்பாகிட்டக் கேப்போம்மா."

"கேட்டா என்ன சொல்வாரு? வெள்ளம் கொண்டாந்து என் படியில போட்டுச்சும்பாரு. மத்தியானத்துக்குள்ள கல்லு ஆத்துல கிடக்கும். பழி வாங்குறது சோறு வடிக்கிற மாதிரிடி. முந்தினா அரிசி, பிந்தினா கூழ். பதம் வரட்டும்."

"அப்பாகிட்டயாவது சொல்லுவோம்."

"அவருகிட்ட முதல்ல சொல்லாதே. தம்பின்னா உருகிடுவாரு."

மிச்சமிருந்த பதினாறு மிதியையும் மிதித்து முடித்துவிட்டுத்தான் செவ்வந்தி கரையேறினாள். அன்றைக்கு மூச்சு நன்றாகவே வாங்கியது.

*

பதினோரு மணிக்குச் சொன்ன சர்வேயர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். கூட அளவுச் சங்கிலி பிடிக்க இரண்டு ஆட்கள். நடவுக்கு வந்திருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்கள். சும்மா போகிறவர்கள் நாலு பேர் சும்மா நின்றார்கள்.

பரிதி சலவைச் சட்டையில் வந்திருந்தான். அரசப்பன் துண்டைக் கழுத்தில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"பழைய கல்லுக்கு எந்த அடையாளமும் இல்லை" என்றார் சர்வேயர், படத்தை மடித்துக்கொண்டே. "ரெண்டு பங்காளியும் ஒத்துக்கிட்டா, இருக்கிற வரப்புலயே புதுக் கல் நட்டுட்டுப் போயிடலாம். என்னம்மா சொல்றீங்க? மனு போட்டது நீங்கதானே?"

கைத்தடியை ஊன்றி செவ்வந்தி முன்னால் வந்தாள். இன்னொரு கையில் ஒரு தட்டு, தட்டில் கற்பூரம்.

"கையெழுத்துப் போடுறேன் சார். அதுக்கு முன்னாடி தம்பி ஒரு வார்த்தை சொல்லணும். எங்க மாமா இந்த முனையிலதான் கற்பூரம் காட்டுவாரு. அதே இடத்துல சொன்னா எனக்கு மனசு ஆறிடும்."

"என்ன அண்ணி, கோயிலா இது?" என்று சிரித்தான் பரிதி.

"உங்க அப்பாவுக்குக் கோயில்தானே."

நடவுப் பெண்களில் ஒருத்தி, "சொல்லிட்டுப் போங்களேன் தம்பி, நாக்கா தேயும்?" என்றாள்.

"விடேன் செவ்வந்தி." அரசப்பன் குறுக்கே வந்தார். "முடியுற காரியத்தை எதுக்கு இழுக்குற?"

"நீங்க சும்மா இருங்க. உங்க தம்பி யோக்கியர்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பரிதி கற்பூரத்தைப் பற்ற வைத்தான். "அந்தக் கல்லை நான் தொட்டதே இல்லை. வெள்ளம்தான் கொண்டு போச்சு. எங்கப்பா மேல சத்தியம்." தட்டின்மேல் கையை அடித்து அணைத்தான்.

"ஆச்சு" என்றாள் செவ்வந்தி. இவ்வளவு இனிமையாக அவள் அவனிடம் பேசி ஏழெட்டு மாசம் ஆகியிருந்தது. "சார், எனக்கு டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருக்காங்க. வாய்க்கால்ல செய்யணும். படி வரைக்கும் வாங்க, அங்கயே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

சர்வேயருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கூட்டம் நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். பரிதி மட்டும் இரண்டடி வைத்துவிட்டு நின்றான். அவன் முகத்தில் ரத்தம் இறங்குவதை செவ்வந்தி நின்று நிதானமாகப் பார்த்தாள். ஜவ்வு கிழிந்த நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு சுகம் கிடைத்ததில்லை.

"தம்பி, இந்தப் படிக்கல்லைக் கொஞ்சம் புரட்டிப் போடுங்க. எடை தூக்குனா என் முட்டிக்கு ஆகாது."

பரிதி அசையவில்லை.

"என்ன தம்பி? என் எடையைத்தான் வரப்பு தாங்கல. இந்தக் கல்லோட எடையை உங்க கை தாங்காதா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செம்மொழி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சர்வேயர் கண்ணைக் காட்ட, சங்கிலி ஆட்கள் இருவரும் வாய்க்காலில் இறங்கினார்கள்.

முதல் ஆள் தனியாக அசைத்துப் பார்த்தான். கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒத்தை ஆளுக்கு வராது சார். நீ அந்தத் தலைமாட்டைப் பிடிடா, நான் கால்மாட்டைப் பிடிக்கிறேன். ஏலே, ஒண்ணாத் தூக்கு."

கல் புரண்டது. பாசிக்கும் சேற்றுக்கும் நடுவில் உளி வெட்டிய அம்பு. அதன் ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு, குங்குமம் ஊறிய கறை இன்னும் போகாமல்.

சர்வேயர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது நம்ம இலாகா கல்லு. இதைப் பிடுங்குனது குற்றம் தெரியுமா? யாரு இந்தப் படியைக் கட்டுனது?"

எல்லார் கண்ணும் பரிதியின் மேல் விழுந்தது. செவ்வந்தி இருபதாவது உதையை மனசுக்குள் உதைத்தாள். இதுதான், இதற்குத்தான் மூன்று வாரம்.

பரிதி தலையைத் தொங்கப் போடுவான் என்று நினைத்தாள். அவன் தலையை நிமிர்த்தினான்.

"அண்ணி, எல்லாத்தையும் என் தலையிலயே போடாதீங்க. இப்பத்தான் பார்த்தீங்களே, இது ஒத்தை ஆள் தூக்குற கல்லா?"

அவன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னான்.

வாய்க்காலில் அந்த இரண்டு ஆட்களும் இன்னும் கல்லைப் பிடித்தபடி நின்றார்கள், ஒருவன் இந்த முனையில், ஒருவன் அந்த முனையில். செவ்வந்தி அவர்களையே பார்த்தாள். வாய்க்கால்ல இறங்காதே. அந்தக் கல்லைப் பிடிக்காதே. டிரம் கட்டித் தர்றேன். ஆமா, வெள்ளம்தான். மூன்று வாரமாக, ஆறு வருஷமாகக் கேட்ட ஒவ்வொரு சொல்லும் இப்போதுதான் காதில் விழுந்தது.

"அம்மா" என்று எழில்மொழி அவள் கையைப் பிடித்தாள். செவ்வந்தி அதை விலக்கினாள். கைத்தடியை அழுத்தி ஊன்றி, முட்டி நோகத் திரும்பினாள்.

அரசப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"தலைமாட்டை உங்க தம்பி பிடிச்சிருப்பாரு. கால்மாட்டைப் பிடிச்சது யாருங்க?"